அவனுடைய மே மாதம்

ஏப்ரல் கடைசியில் என் நண்பனுடைய பள்ளிக்கூடத்தைப் பூட்டுவார்கள். அந்தப் பூட்டுச் சத்தம் நான்கு மைல் தள்ளி, உப்பளத்து வரப்பில் நிற்கும் எனக்குக் கேட்கும். கேட்ட நிமிடத்திலிருந்து வயிற்றில் ஒரு எரிச்சல். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்வரை அது அணையாது.

அவன் தமிழ் வாத்தியார். தாமிரபரணிக் கரையில், பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஒரு ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தவன். நான் ஊருக்குத் தெற்கே ஒரு உப்பளத்தில் மேற்பார்வையாளன். மே மாதம் அவனுக்கு ஓய்வு. எனக்கோ மூச்சுவிட முடியாத மாதம். வெயில் ஏற ஏற உப்பு விளையும். விளைந்ததை வார வேண்டும், வாரியதை அம்பாரமாகக் குவிக்க வேண்டும், காலியான பாத்திக்கு அடுத்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். விடிவதற்கு முன்பே சைக்கிளில் போய்விடுவேன். உப்பு வாரும் பெண்கள் எனக்கும் முன்னால் வந்து, பலகையும் கையுமாகப் பாத்திக்குள் இறங்கியிருப்பார்கள். வெயில் கொதிக்குமுன் அவர்கள் கரையேறிப் போய்விடுவார்கள். நான் போக முடியாது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். லாரி வந்தால் ஓட வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறப்பேன். பகல் முழுவதும் வெள்ளையைப் பார்த்த கண்களுக்கு அந்த வெள்ளைத் தாள் இன்னொரு பாத்தியாகத் தெரியும். கூசும். மூடிவிடுவேன்.

உப்பளத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப்போவதாகப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறு பத்திரிகைகளில் அரைப் பக்கம், கால் பக்கமாக என் உரைநடைக் கவிதைகள் வந்ததுண்டு. அதனால் கேட்டவர்கள் நம்பிக்கொண்டும் இருந்தார்கள். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு வந்து அணையத் தொடங்கியிருந்த காலம் அது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களே கரைக்கு வந்துவிட்டன, என் புத்தகம் வரவில்லை.

ஒரு ஏப்ரலில், பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாள், அவன் உப்பளத்துக்கே வந்தான். ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"வே, தப்பா நினைக்காதீரும். நீரு எழுதலன்னா இந்த உப்பளத்த நான் எழுதட்டுமா?"

 வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை. பதினைந்து வருடப் பேச்சுத்தான் இருந்தது.

"தாராளமா எழுதும். யாரு வேண்டாம்னா?" என்றேன்.

"மனசாரத்தானே சொல்லுதீரு?"

"மனசாரத்தான்."

மனம் அந்த நேரம் எங்கே இருந்ததென்று எனக்குத்தான் தெரியும்.

அந்த மே மாதம் முழுக்க அவன் தினமும் வந்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு நோட்டும் இரண்டு பேனாவுமாக. பெண்கள் வேலை முடித்துக் காலைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவான். அவர்கள் பேசுவார்கள், இவன் எழுதுவான். சிரிப்புச் சத்தம் வரப்பைத் தாண்டி வரும். நான் குழாயும் கையுமாக நிற்பேன். எத்தனை டிகிரி என்று பார்த்தது மறந்து, மறுபடியும் குனிந்து பார்ப்பேன்.

அந்தப் பெண்களில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். வாய் அதிகம். ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்:

"அண்ணாச்சி, அந்த சாரு எங்ககிட்ட என்னல்லாம் கேக்காரு தெரியுமா? கால்ல வெடிப்பு வந்தா என்னத்தத் தடவுவிய, பாத்திக்குள்ள நிக்கையில என்னத்த நினைப்பியன்னு கேக்காரு."

"நல்லதுதானே."

"நீங்க இத்தன வருசத்துல ஒண்ணுதான் கேட்டிருக்கிய. ஏன் லேட்டுன்னு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லால்.

வீட்டில் மனைவியிடம் பொருமினேன். அவனுக்கென்ன, ஒரு மாதம் சும்மா இருந்தால் எவனும் எழுதுவான் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, உங்களுக்கு நேரமில்லங்கது எரியுதா, அவருக்கு இருக்குங்கது எரியுதா?"

முகம் கழுவப் போனேன். உப்புத் தண்ணீர் பட்ட கண்ணுக்கு நல்ல தண்ணீரும் எரிந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் பிற்பகல். பெண்கள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. உப்பளத்து வாசலில் உள்ள டீக்கடையில் நானும் அவனும் நின்றுகொண்டிருந்தோம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நின்றுபோயிருந்தது. கிழக்கே, கப்பல்கள் இருக்கிற பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மே மாதத்தில் எங்கள் ஊரில் அப்படிக் கறுக்காது. நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு, பெரியதாக, குளிர்ச்சியாக விழுந்தது. பிறகு இன்னொன்று.

கோடை மழை உப்பளத்துக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாததல்ல. பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பெல்லாம் கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போகும். தரை மறுபடி இறுகிப் பதமாகும்வரை வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்குக் கூலி இல்லை. எனக்கு மாதச் சம்பளம், எனக்கு ஒன்றும் குறையாது. இவ்வளவும் தெரிந்துகொண்டே என் மனம் ஒரு கணக்கு மட்டும் போட்டது: நாலு நாள். நாலு நாள் வீட்டில் இருக்கலாம். நாலு நாள் எழுதலாம். எனக்கும் ஒரு மே மாதம்.

குடையில்லாமல் நனைந்துகொண்டே சைக்கிளை மிதித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் டீக்கடை ஓலைக்குக் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் தூறியது. நான் பதினோரு பக்கம் எழுதினேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சொல் தானாக வந்தது. வானம் தன் சேலையைக் கடலில் அலசுகிறது என்று ஒரு வரி. அதை நானே மூன்று தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. உடைந்த வரப்புகளையும் சேறான பாத்திகளையும் சரிசெய்ய இரட்டை வேலை. பதினோராம் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றது.

மழைக்குப் பிறகு அவன் உப்பளத்துப் பக்கம் வரவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் போனான். ஆகஸ்டில் கையெழுத்துப் பிரதியோடு வந்தான். இருநூறு பக்கத்துக்கு மேல்.

"ஒருக்கா பாத்துக் குடும் வே. உப்பு விசயத்துல நான் ஏதாச்சும் உளறியிருந்தா திருத்தும். உம்மள விட்டா யாருக்குத் தெரியும்?"

எழுத நேரமில்லாதவனுக்குத் திருத்த நேரம் எங்கிருந்தோ வந்தது. தினமும் சாயங்காலம் ஒரு மணிநேரம். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்காருவேன். கண் கூசவில்லை, உடம்பு வலிக்கவில்லை. விடிந்த பிறகே பெண்கள் பாத்திக்குள் இறங்குவதாக எழுதியிருந்தான், அடித்தேன். தண்ணீர் விட்ட மறுநாளே உப்பு விளைந்துவிடுவதாக எழுதியிருந்தான், அடித்தேன். ஒவ்வொரு தப்பும் ஒரு கடலை மிட்டாய். ஆனால் அந்தப் பெண்கள் பேசும் பக்கங்களில் பென்சில் ஓடவில்லை. அவர்கள் குரல் அப்படியே இருந்தது. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கோடையில் மழை இறங்கியதும் உப்பளத்து ஜனங்களின் முகம் மலர்ந்தது, வெந்த மண்ணோடு அவர்கள் மனமும் குளிர்ந்தது என்று எழுதியிருந்தான். ஆற்றங்கரைக்காரன், மழை என்றால் நல்லது என்றே வளர்ந்தவன் என்று நினைத்தேன். இந்த ஒரு வரி போதும். உப்பளம் தெரிந்த எவனும் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான்.

பென்சிலைத் தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அதற்கடுத்த பொங்கல் கழிந்து, உப்பு விளையத் தொடங்கிய நேரத்தில், மெட்ராஸிலிருந்து புத்தகம் வந்தது. முதல் பிரதியை அவன் நேராக உப்பளத்துக்குக் கொண்டுவந்தான். வேலை முடிந்த பெண்கள் கொட்டகையில் சுற்றி உட்கார்ந்தார்கள். புத்தகம் கைமாறிப் போனது. ஒருத்தி அட்டையைத் தடவிப் பார்த்தாள், ஒருத்தி முகர்ந்து பார்த்தாள்.

"நீரு படியும் வே" என்று என்னிடம் நீட்டினான். "உம்ம குரல்ல கேக்கணும். எனக்குப் பிடிச்ச இடம் இது."

அவன் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். மழை.

வேறு இடம் படிக்கிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை. படித்தேன். முகம் மலர்ந்தது என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. முடித்ததும் மூத்தவள் தொண்டையைச் செருமினாள்.

"சாரு, மழைக்கு யாரு முகம் மலர்ந்திச்சு? அந்த வாட்டி ஒம்பது நாளு சும்மா கெடந்தோம். அடுப்புல உலை ஏறல. எங்கள்ல யாரு சிரிச்சா, சொல்லுங்க பாப்போம்."

அவன் முகம் வெளிறியது. அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இவரு சிரிச்சாரே. டீக்கடைல நின்னு கைய நீட்டிச் சிரிச்சாரு. நான் என் கண்ணால பாத்தேன். உப்பளத்துலயே கெடக்கிற மனுசனுக்கே இவ்வளவு சந்தோசம்னா உங்களுக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சியா சிரிச்சிய?" என்றாள் மூத்தவள்.

மறுக்க ஒரு வாய்ப்பு இருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். மழையில் ஏது வெயில்?

"ஆமா" என்றேன். "நாலு நாள் வீட்ல உக்காந்து எழுதலாம்னு ஒரு சந்தோசம்."

"எழுதினியளா?"

"பதினோரு பக்கம்."

"எங்களப் பத்தியா?"

"இல்ல. மழையப் பத்தி."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை. நண்பன் மெதுவாகக் கேட்டான்: "நீரு பிரதியப் படிச்சீரே. இந்தத் தப்பு உம்ம கண்ணுல படலையா?"

"பட்டுது."

"பெறகு?"

"விட்டுட்டேன்."

"ஏன் வே?"

"உமக்கு மே மாசம் லீவு இருக்குல்லா."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அதுக்கு நான் என்ன வே செய்யட்டும்" என்றான் கடைசியில். சொல்லிவிட்டு மூத்தவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "ஆச்சி, அந்த ஒம்பது நாளும் என்ன செஞ்சியன்னு சொல்லுங்க. அடுத்த பதிப்புல மாத்திருதேன்" என்று நோட்டைத் திறந்தான். அப்போதும் அவனுக்கு நேரம் இருந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய நேரம். எழுந்தேன்கூட. அவள் பேசத் தொடங்கினாள். முதல் நாள் மழையில், பாத்தி என்ன ஆயிற்றென்று பார்க்க நனைந்துகொண்டே இவ்வளவு தூரம் நடந்து வந்ததாகச் சொன்னாள். எனக்கு அது தெரியாது. நான் வீட்டில் வானத்தின் சேலையை அலசிக்கொண்டிருந்தேன்.

"ஒரு தாள் கிழிச்சுத் தாரும்" என்றேன் அவனிடம்.

நிமிர்ந்து பார்த்தான். கிழித்துத் தந்தான். இரண்டாவது பேனாவைத் தரவில்லை. சட்டைப் பையில் லாரி எண் குறிக்கும் பென்சில் கிடந்தது. உப்பு மூட்டை ஒன்றின் மேல் தாளை வைத்துக் குனிந்தேன். அவள் சொல்வதையே இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் எந்த வார்த்தையைப் பிடித்திருக்கிறான் என்று ஒருதரம் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டான். அவனுக்கு முன்னால் அந்த ஒன்பதாம் நாளை நான் எட்டிவிட வேண்டும் என்று பென்சிலை அழுத்தி ஓட்டினேன்.