முப்பதாம் நோன்பும் மூன்று கூடை வடையும்

ஆம்பூர் தோல் கொட்டகைகளில் சவுரியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கணியம்பாடிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண். தேவசகாயத்துக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். வந்த நாள் முதல், சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத்தோலில் மயிர் வழித்து வழித்து உள்ளங்கை வெடித்துப் போயிற்று. சோற்றைப் பிசைந்தால் உப்புப் பட்டுக் கை எரியும். அந்த எரிச்சலெல்லாம் வாய் வழியாக வெளியே வரும். அகப்பட்டவன் தேவசகாயம்தான். அவனுக்கோ அது காதிலேயே ஏறாது. கொட்டகை ஆட்களின் கால்பந்துக் குழுவுக்கு அவன் கோல்கீப்பர். பந்தைத் தவிர வேறு எது தன் பக்கம் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டான்.

முப்பத்தேழாம் வருஷம் கார்த்திகையில் அவளுக்கு ஒரு வழி திறந்தது. குழுவை நடத்தியவர் நிசார் அஹமது மேஸ்திரி. ரம்ஜான் பெருநாளன்று கோலார் தங்கவயல் குழுவோடு பெரிய மேட்ச் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு நாள் குழிக்கே வந்து சொன்னார்:

"சவுரிம்மா, மேட்ச் பாக்க வர்ற ஜனத்துக்குத் தின்பண்டம் நீயே போடு. நல்லா போச்சுன்னா எல்லா மேட்சுக்கும் நீதான். கொட்டகை கேட்டாண்டை ஒரு இடமும் பாத்துத் தரேன். இந்தச் சுண்ணாம்பு உனக்கு வாணாம்."

சவுரியம்மாள் கையிலிருந்த தோலைக் குழியிலேயே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். யாரையும் திட்டாமல் அவள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்கள் திகைத்துப் போனார்கள்.

வீட்டில் இருந்த காசெல்லாம் பருப்பும் எண்ணெயும் ஆயிற்று. நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்துவிடும், சனிக்கிழமை பெருநாள் என்று ஊரே அடித்துச் சொன்னது. பிறை பார்க்கிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்கு மாடி ஜனம் ஏறி நின்றது. மூன்று கூடை வடைக்கு மாவு ஆட்ட வேண்டுமானால் விடியற்காலமே கல்லில் உட்கார வேண்டும். அதனால் சவுரியம்மாள் விளக்கு வைக்கும்போதே கடலைப்பருப்பை ஊறப் போட்டுவிட்டாள். வானத்தில் ஒரே மேகம். சற்று நேரம் கழித்துத் தேவசகாயம் வந்தான்.

"பிறை தெரியல. நாளைக்கும் நோன்பாம்."

"அப்போ மேட்ச்?"

"கோலார்க்காரங்க ரயிலேறிட்டாங்களே, எப்படித் தள்ளி வெக்கிறது? மேட்ச் இருக்குது. பொழுது சாயுறப்ப முடியிற மாதிரி ஆடுவாங்களாம்."

சவுரியம்மாள் ஊறிக்கொண்டிருந்த பருப்பைத் திரும்பிப் பார்த்தாள். மைதானத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நோன்பாளிகள். வடையை யார் தொடுவார்கள்?

"ஊறின பருப்பு பிறைக்காகக் காத்துக்கினு இருக்குமா? இன்னா பேஜார்டா சாமி இது!" என்று மேகத்தைத் திட்டினாள், மேஸ்திரியைத் திட்டினாள், பழக்கதோஷத்தில் புருஷனையும் திட்டினாள். பிறகு, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று விடியற்காலம் மாவு ஆட்ட உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சவுரியம்மாளோ மூன்று கூடை மசால்வடையை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினாள். சரி, நோன்பு இல்லாதவர்களாவது வாங்குவார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. இடைவேளையில் குடியாத்தத்துத் தறிக்காரன் பஞ்சாட்சரம் வந்தான். தீனி என்றால் பந்தியில் முதல் ஆளாக உட்காருகிற மனுஷன். கூடைக்கு மேலே குனிந்து வாசனை பிடித்தான், எச்சில் விழுங்கினான், அப்படியே திரும்பினான்.

"ஏன்யா, நீ இன்னா நோன்பா?" என்று சீறினாள் சவுரியம்மாள்.

"பக்கத்துல தோஸ்த் தண்ணிகூடக் குடிக்காம குந்திக்கினு இருக்கான். அவன் எதிர்ல நான் எப்படிம்மா வாய் அசைக்கிறது?"

அவன் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வடையெல்லாம் ஆறிப் போயிற்று. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை மறுபடியும் அந்தக் குழிதான் என்று நினைத்துக்கொண்டே கூடைகளைத் துணி போட்டு மூடினாள்.

பசித்த வயிற்றோடு ஆடிய ஆம்பூர்க்காரர்கள் ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். நடுவர் விசில் ஊதிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இரண்டு மாட்டு வண்டிகள் மைதானத்துக்குள் வந்தன. மேஸ்திரியின் சம்சாரம் முனவ்வர் பேகம் அனுப்பிய நோன்புக்கஞ்சி, அண்டா அண்டாவாக. ஜனம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தது. பாங்கு சொன்னதும் கலயம் கலயமாகக் கஞ்சி ஊற்றினார்கள்.

நிசார் அஹமது கூடையருகே ஓடி வந்தார். "இன்னாம்மா மூடி வெச்சிருக்கே? எடு, எடு!"

"ஆறிப்போச்சே பாய்."

"கஞ்சி சுடுதே! அதுல ஊறப் போட்டுத் தின்னா, ஆறின வடைதாம்மா வடை."

அப்புறம் சவுரியம்மாளின் கைக்கு ஓய்வில்லை. நோன்பு இருந்தவனும் வாங்கினான், இல்லாதவனும் வாங்கினான். கோலார்க்காரர்கள் இரண்டாம் தடவை வந்து நின்றார்கள். பஞ்சாட்சரம் எத்தனை தின்றான் என்பது அந்தப் பரமசிவனுக்கே வெளிச்சம். மூன்று கூடையும் காலியானபோது கடைசி வடையின் தூள்கூட அவளுக்கு மிஞ்சவில்லை. தேவசகாயம் தன் கலயத்தில் ஊறிக்கொண்டிருந்த பாதி வடையை எடுத்து அவள் வாயில் வைத்தான். பத்து வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் அவனைத் திட்ட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் பெருநாள். கோயிலில் பூசை முடிந்ததும் சவுரியம்மாள் நேராக மேஸ்திரி வீட்டுக் கொல்லைப்புறம் போனாள். முனவ்வர் பேகம் சேமியாக் கிண்ணத்தோடு வந்தார். சவுரியம்மாள் கும்பிட்டுவிட்டாள்.

"பீபிம்மா, உங்க கஞ்சிதான் என்னைக் காப்பாத்துச்சு. உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

முனவ்வர் பேகம் சிரித்தார். "நீ வேற! பெருநாள்னு நம்பி இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் சேமியாவும் சர்க்கரையும்தான் வாங்கி வெச்சிருந்தோம். நோன்பு தொறக்க ஒரு வூட்ல ஒரு வடைக்குப் பருப்பு ஊறலம்மா. கஞ்சியை மட்டும் குடுத்து அத்தனை பேரை எப்படி அனுப்புறதுன்னு நான்தான் அல்லாவைக் கேட்டுக்கினு இருந்தேன். உன் வடை வந்துச்சு."

சவுரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கிண்ணத்துச் சேமியா ஆறும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை அவள் சுண்ணாம்புக் குழிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் போகவில்லை.