காசியம்மாள் முறித்த பத்தியம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பின்புறம் உள்ள காசியம்மாளின் களிக் கடையில், பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எவரும் எழுந்து போய்விட முடியாது. "பசிக்கலேன்னா எதுக்குடா வாசல்ல நின்னு மோந்து பாக்கறே? உக்காரு" என்று அதட்டுவாள். ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி உருண்டையை இலையில் வைத்து, கரண்டியின் முதுகால் நடுவில் குழித்து, மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பை அந்தக் குழியில் ஊற்றுவாள். ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர் களியில் கட்டி இருப்பதாகக் குறை சொன்னார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவளோ அவர் இலையிலிருந்து ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுப் பார்த்து, "ஆமா, கட்டிதான். என் கை தப்பு" என்று சொல்லி, பானைக் களி முழுவதையும் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கிண்டினாள். அவசரமாகக் கிளம்பப் பார்த்த ஓட்டுநரையும் விடவில்லை. "குத்தம் சொன்ன வாயி தின்னுட்டுத்தான் போகணும்."

அப்படிப்பட்டவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவைக்குப் பிறகு அடங்கியதுபோல் இருந்துவிட்டு, மீண்டும் கல்லீரலில் தலைகாட்டியது. தருமபுரியில் அவளைப் பார்த்துவந்த மருத்துவர் சுமித்ரா எதையும் பூசி மெழுகவில்லை.

"இதை வேரோட எடுக்க முடியாதுங்கம்மா. பொய் சொல்ல மாட்டேன். மருந்து ஏத்தினா அடங்கி இருக்கும். எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த நாள்ல நீங்க எழுந்து நடமாடலாம், கடைக்குப் போகலாம்."

"களி கிண்டலாங்களா?"

"கிண்டறது கஷ்டம். சாப்பிடலாம்."

"அது போதுங்க" என்றாள் காசியம்மாள்.

முடி உதிர்ந்தபோது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். களி கிண்டும் துடுப்பை மருமகள் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாயாலேயே கடையை நடத்தினாள்.

நோயைத் தாங்க முடியாதவன் அவளுடைய தம்பி வீரமணிதான். தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்கா. 'வேரோடு எடுக்க முடியாது' என்ற சொல்லை அவன் காது ஏற்கவே இல்லை. முடியும் என்று சொல்லும் ஒரு வாயை அவன் தேடினான். தேடியவனுக்குக் கைப்பேசியில் அறிவழகன் கிடைத்தார். பின்னால் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள் இருக்க, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மூலிகைப் பொடி அதைக் கரைத்துவிடும் என்று காணொலியில் சிரித்த முகத்தோடு பேசினார் அவர். பொடியும் கறுப்பு நிற லேகியமும் வந்தன. கூடவே ஒரு மண்டலத்துக்குப் பத்தியமும் வந்தது. உப்பு, புளி, பூண்டு, கேழ்வரகு, கருவாடு, முட்டை, பால் எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரி மருந்து உடம்பைச் சூடாக்குமாம். அதையும் நிறுத்த வேண்டுமாம்.

"நான் களிக் கடைக்காரிடா. என்னைப் போயி உப்பில்லாத கஞ்சி குடிக்கச் சொல்றியா? போடா" என்று துரத்தினாள். அவன் போகவில்லை. கொல்லையில் விறகுக்குப் பக்கத்தில் நின்று அழுதான்.

"எனக்காக ஒரு மண்டலம் மட்டும் இருக்கா. நீ இல்லாட்டி எனக்கு யாருக்கா இருக்கறா?"

எவருக்கும் தலை வணங்காதவள் அந்தக் கண்ணீருக்கு வணங்கினாள். அடுத்து ஏற்ற வேண்டிய மருந்துக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

கோகிலவாணி அரிசிக் கஞ்சியை உப்பில்லாமல் காய்ச்சி, தனிக் கரண்டியால் ஊற்றிக் கொடுத்தாள். குழம்பு கொதிக்கும் வேளையில், வாசம் எட்டாதபடி தன்னை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள் மாமியார். கடையில் அதட்டல் ஓய்ந்தது. மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுப் போனார்கள். நாளுக்கு நாள் அவளுடைய ரவிக்கை தொளதொளத்தது. ஒரு காலை, வாசல் வெளிச்சத்தில் அவளுக்குப் பொடியைக் குழைத்துக் கொடுக்க வந்த கோகிலவாணி, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தை, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது. வீரமணி மாமாகிட்ட நான் பேசிக்கறேன். கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

கோகிலவாணி அடுப்பைப் பார்க்க நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அனுப்பினாள். மருத்துவர் சுமித்ரா இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்; எடையைப் பார்த்தார்; பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன கலந்திருக்குதுன்னு எங்கயுமே போடலியே! கல்லீரல் ரொம்பக் கெட்டிருக்கு. இதனாலயா, நோயாலயான்னு இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது. மொதல்ல இதை நிறுத்துங்க. வீட்ல எல்லாரும் சாப்பிடறதைச் சாப்பிடுங்க. களி, பருப்பு, முட்டை, எது எறங்குதோ அது. கண்ணு தெளிஞ்சு உடம்பு தேறினாத்தான் நான் மருந்து ஏத்த முடியும். இல்லேன்னா அந்த மருந்தே உங்களைச் சாய்ச்சிரும்."

"தேறலேன்னா?"

"வலிக்கு மட்டும்தான் மருந்து தர முடியும்."

திரும்பி வரும் பேருந்தில் காசியம்மாள் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தன் கையிலிருந்த கொஞ்ச நாளையும் தானே அந்தப் பத்தியத்துக்குக் கொடுத்துவிட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

கடைக்கு முன்னால் ஒரு கார் நின்றது. கண் மஞ்சளான செய்தியைக் கேட்டுக் கலங்கிப்போன வீரமணி, அறிவழகனையே அழைத்து வந்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம், பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அறிவழகன் எழுந்து நின்று வணங்கினார். அவளுடைய நாக்கையும் நகங்களையும் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பத்தியத்துல எங்கியோ பெசகு நடந்திருக்குதுங்க. என் மருந்து பொய்க்காது. வீட்ல யாராச்சும் தெரியாம உப்போ புளியோ சேத்திருப்பாங்க."

பெஞ்சிலிருந்த கண்கள் எல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பின. வீரமணியும் அந்தப் பக்கம் திரும்பினான்.

"கோகிலா, நெசத்தச் சொல்லு. உப்புப் போட்டியா?"

கோகிலவாணியின் கையில் துடுப்பு நின்றது. "இல்லீங்க மாமா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காசியம்மாளுக்குக் காய்கறிக்கார ராஜாமணியின் நினைவு வந்தது. அவளும் இப்படி ஒரு பத்தியத்தில் கிடந்துதான் போன ஆண்டு செத்தாள். ஊறுகாய் கேட்டவளுக்கு மகள் ஒரு துண்டு மாங்காய் கொடுத்தாளாம். அதனால்தான் உயிர் போயிற்றாம். சாவு வீட்டிலேயே அப்படிப் பேசினார்கள். இன்றைக்கும் அந்தப் பெண் மாங்காயைக் கையால் தொடுவதில்லை.

காசியம்மாள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓய்ந்திருந்த குரல் திரும்பி வந்தது.

"வைத்தியரே, ஒண்ணு கேக்கறேன். பத்தியத்த முறிச்சு நான் செத்தா யாரு குத்தம்?"

"முறிச்சவங்க குத்தந்தாங்க."

"முறிக்காமச் செத்தா?"

"அது விதிங்கம்மா. இல்லேன்னா, முன்னாடி ஏத்தின ஆஸ்பத்திரி மருந்து ஒடம்பக் கெடுத்திருக்கும்."

"அப்ப ஒங்க மருந்து எப்பத்தான் தோக்கும்?"

மூலையில் களியை விழுங்கிக்கொண்டிருந்த பெட்டி தூக்குகிற ஆள், "அது எதுக்குக்கா தோக்கணும்? தோக்கறதுக்குத்தான் நாம இருக்கறமே" என்றார். கடை சிரித்தது. காசியம்மாள் சிரிக்கவில்லை.

"எங்கடையில களி கட்டி தட்டுனா, கிண்டுன கை தப்புன்னு ஒத்துக்குவேன். தின்னவன் வாயி கோணல்னு ஒருநாளும் சொன்னதில்ல. இந்தப் புள்ள, கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு உப்பில்லாத கஞ்சி காய்ச்சுனவ. அவ மேல பழி போடறீங்களா? கோகிலா, எலயப் போடு."

"அக்கா, வேணாங்க்கா!"

"போடுடீ எலய!"

அறிவழகன் பையை எடுத்துக்கொண்டார். "அம்மா, இதுக்கப்புறம் நான் பொறுப்பில்லீங்க."

"இதுக்கு முன்னாடி மட்டும் இருந்தீங்களா?"

கார் கிளம்பிய ஓசையை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எல்லாரும் அவளுடைய இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு துண்டைக் குழம்பில் புரட்டி வாயில் வைத்தாள். இத்தனை நாள் உப்பைக் காணாத நாக்கு சுரீரென்றது, கண்கள் நிறைந்தன. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளால் அதை எளிதில் விழுங்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, உள்ளே தள்ளினாள். இன்னொரு துண்டு. அதற்கு மேல் முடியவில்லை. ஆனாலும் இலையை மூடவில்லை.

"டேய் வீரமணி, இங்க வா. நீ தூதுவளை ரசம் வெச்சுக் குடுத்தா குடிப்பேன். முள்ளுக்கீரை கடைஞ்சா திம்பேன். அதெல்லாம் சோத்தோட வர்றது. சோத்தப் புடுங்கிட்டு வர்ற மருந்து எனக்கு வேணாம். நாளைக்கே நான் செத்தாலும், நோவு வந்து செத்தான்னு சொல்லு. உப்பால செத்தா, இவளால செத்தான்னு ஒருத்தன் சொன்னாலும், பாடையில இருந்து எழுந்து வந்து அறைவேன். மொத அறை ஒனக்குத்தான்."

வீரமணி கோகிலவாணியின் பக்கம் திரும்பி, "தப்பாக் கேட்டுட்டம்மா" என்றான். பிறகு இலைக்கு முன்னால் குந்தி, அக்காவால் முடியாத இன்னொரு துண்டைச் சிறிதாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து நீட்டினான். அவள் அவனை முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

மறுநாள் முதல் அவனே முட்டையும் பாலும் கொண்டுவந்தான். சாப்பிட்டது சில வேளை தங்கியது. சில வேளை தங்கவில்லை. தங்காதபோது வாயைக் கொப்பளித்துவிட்டு, "மறுபடியும் போடு" என்பாள். கடையில் அதட்டல் மெல்ல மெல்லத் திரும்பியது. கண்ணிலிருந்த மஞ்சளும் மெல்ல வெளுத்தது. மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மருத்துவர் சுமித்ரா எடைக்கருவியின் முள்ளைப் பார்த்தார்; இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"அளவைக் கொஞ்சம் குறைச்சு ஏத்தலாங்கம்மா. நோய் அப்படியேதான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியுங்க. நானும்தான் இருக்கறேன்."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. வீரமணி தூக்குப்பாத்திரத்தைத் திறந்தான்; கருவாட்டு வாசம் அறையெங்கும் பரவியது. அடுத்த கட்டிலில் படுத்திருந்த பெண்மணி, முகத்தைச் சுளிக்காமல், தலையை மட்டும் திருப்பினாள்.

"இவ்ளோ தெம்பா பேசறீங்களே, ஏதாச்சும் பொடி திங்கறீங்களாக்கா? பத்தியம் உண்டுங்களா?"

"பத்தியமா? உண்டு" என்றாள் காசியம்மாள். "பசிக்கலேன்னு சொல்லக் கூடாது. டேய், அவங்களுக்கும் ஒரு துண்டு வெய்யி."