மூன்று மெட்டுக்கு அடியில் ஒரு சொல்

ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு பாட ஒப்புக்கொண்டது சரிதானா என்று அந்த மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டது மதர். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி. பள்ளி விழாவில் பழைய மாணவிகள் மூன்று பேர் பாட வேண்டும் என்றார். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாட்டு அவர்கள் நாட்டில் எழுநூறு வருஷத்துக்கு முந்தியதாம். அதற்கும் முன்னால் கோயிலில் எல்லோரும் நம்மைப் போல ஒரே மெட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். பிறகு ஒருவர் பழைய மெட்டை மெதுவாக இழுத்துப் பிடிக்க, அதன் மேல் இன்னொருவர் வேறு மெட்டில் ஓடிப் பார்த்தார். பாரிஸ் நகரத்துப் பெரிய கோயிலில் அது மூன்று குரல், நான்கு குரல் என்று வளர்ந்தது. அப்புறம் மேலே ஓடிய குரல்களுக்குத் தனித்தனி வார்த்தை போட்டார்கள். முதலில் லத்தீனில் சாமி வார்த்தை, போகப் போகத் தங்கள் பாஷையில் காதல் வார்த்தை. அடியில் மட்டும் கோயில் மெட்டு அப்படியே நின்றது.

"சாமியும் காதலும் ஒரே பாட்டிலா மதர்? பாவமில்லையா?"

"அப்போதே சில பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள் மகளே. பாடியவர்கள் நிறுத்தவில்லை" என்று மதர் சிரித்தார்.

மேல் குரல் வசந்த காலத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி. நடுக்குரல் மாதாவைப் பற்றி. எனக்குக் கிடைத்தது அடிக்குரல். ஒரே ஒரு லத்தீன் சொல்லைப் பாட்டு முடியும்வரை இழுக்க வேண்டும். சுருதிப்பெட்டி வேலைதானே என்று நினைத்தேன். ஆனால் சுருதிப்பெட்டி ஓரிடத்தில் நிற்கும், இது மெல்ல மெல்ல நகர்ந்தது.

எங்கள் வீட்டு ஜெபத்தில் யாராவது மெட்டு மாறிப் போனால் அவரைத் தனியே விடமாட்டோம், எல்லோரும் அவரோடு சேர்ந்துகொள்வோம். அதுதான் மரியாதை. ஒத்திகையிலும் நடுக்குரல் ஏறியதும் என் குரல் தானாகக் கூடவே ஏறிவிட்டது. மதர் கையைத் தட்டி நிறுத்தினார். "நீ நகர்ந்துவிட்டால் மற்ற இருவருக்கும் நிற்க இடமில்லை."

அன்றிலிருந்து வீட்டில் தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் அந்தச் சொல்தான். என் நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏத்தா, அந்த ஒத்தச் சொல்லு இன்னுமா முடியல? அது முடியுறதுக்குள்ள ஒம் மகளுக்குக் கல்யாணம் ஆயிரும் போல."

"முடிஞ்சிரும் மதினி."

"இம்புட்டுப் படிச்சும் ஒரு சொல்லுதான் குடுத்திருக்காக!"

விழாவன்று காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஜட்கா வண்டியில் போனோம். பாலைக் கொடுத்துக் குழந்தையை மதினியிடம் விட்டேன். வயிறு நிறைந்ததா, சட்டை இறுக்குகிறதா என்று மேடை ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஏறு ஏறு, ஒம் மகளை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாக" என்று மதினி கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

பாட்டு நன்றாகத்தான் போயிற்று. பாதியில் பின்னாலிருந்து என் மகள் அழுதாள்.

மார்பில் பால் சுரந்தது. குரல் அழுகையின் பக்கம் சாயப் பார்த்தது. அது போதாதென்று மதினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்கிற இடம் மறந்து, ஆராரோ என்று உரக்கத் தாலாட்டவே ஆரம்பித்துவிட்டார். மேலே பிரெஞ்சுக் காதலி, நடுவில் மாதா, பின்னால் எங்கள் வீட்டுத் தாலாட்டு. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நடுக்குரல்காரிக்குச் சிரிப்பு வந்து ஒரு வரி ஆடிப்போயிற்று. சட்டென்று என் பக்கம் பார்த்தாள். பிடித்துக்கொள்ள நான்தான் இருந்தேன். தாளம் காட்டிய மதரின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் சொல்லை இழுத்தேன். அவள் மறுபடி ஏறிக்கொண்டாள். கடைசிச் சுரத்தில் மூவரும் ஒன்றாக வந்து இறங்கினோம்.

கைதட்டல் முடியுமுன் பின்னால் ஓடினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"புள்ள அழ அழப் பாடிட்டேனே மதினி."

"பாலுக்கு அழுகல, கூட்டத்தைப் பாத்துப் பயந்துச்சு. நான் பாடவும் நிறுத்திருச்சு. போ, ஒங்க மதர் கூப்புடுறாக."

மதர் இன்னொரு தடவை பாடச் சொன்னார். இந்தத் தடவை மதினி வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். மடியில் மகள் விழித்துக்கொண்டு, நான் இழுக்க இழுக்க, என் வாயையே பார்த்துச் சிரித்தாள். அழுகையைச் சமாளித்ததுபோல அந்தச் சிரிப்பைச் சமாளிப்பது அத்தனை சுலபமாக இல்லை.