கோவிந்தராசுவின் ‘செத்த நேரம்’

“தோ, செத்த நேரம் சார்” என்கிறார் கோவிந்தராசு. என் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் கயிற்றில் தொங்குகிறது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்தியால்பேட்டையில் இந்த மனிதரின் சைக்கிள் கடையை நம்பி எத்தனை பேர் கால் கடுக்க நிற்கிறோம், அடடா!

நேரம் ஆக ஆக வேலைக்குப் பதில் வியாக்கியானம் வரும். “நொடின்னா இன்னா சார்? விரலைச் சொடுக்கற நேரம். அதுக்கு மொதல்ல கை சும்மா இருக்கணும்ல?” ‘சற்று’ தேய்ந்துதான் ‘செத்த’ ஆனதாம், தேய்ந்த சாமான் வேகமாக ஓடாதாம். ‘வெத்தலை போடற நேரம்’ என்றால் பாக்கு வெட்டி, சுண்ணாம்பு தேடி, மென்று, துப்பி, வாய் கொப்பளிக்கிறவரை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் “தூ சுயித்!” என்று அதட்டுவார். உடனே வேண்டும் என்று அர்த்தம். “அது அவங்க ஊரு உடனே சார், கப்பல்ல வரணும்” என்பார் இவர்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் மகள் அன்னக்கிளியைப் பெண் பார்க்க வந்தார்கள். மில் வேலைக்காரப் பையன், தங்கமான குணம். ரொம்ப நாள் தேடி அமைந்த இடம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வெற்றிலை பாக்கு கைமாற வேண்டும். வீட்டிலிருந்து மனைவி வீராயி ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள். இவரோ, “தோ வந்துட்டேன்னு சொல்லு” என்று என் சைக்கிளுக்குப் பெடல் முறுக்குகிறார்.

“சைக்கிள் கெடக்குது, போய்யா!” என்று கத்தினேன்.

கடைசியில் அதே சைக்கிளில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தார். வாசலில் பையன் வீட்டார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“செத்த இருங்க, கை கழுவிட்டு வந்துடறேன்!”

பையனின் அப்பா சிரித்த முகமாகத்தான் சொன்னார்: “ராவு காலம் பொறந்துடுச்சே. அது கழியட்டும், இப்ப வந்துடறோம்.”

ராகு காலம் கழிந்தது. தெருவில் விளக்கும் ஏற்றியாயிற்று. கோவிந்தராசு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இப்பன்னாங்களே சார்... அது எம்மா நேரம் இருக்கும்?” என்று கேட்டார். என் கோபமெல்லாம் போய்விட்டது.

அன்னக்கிளி வெளியே வந்தாள். தலையிலிருந்த கனகாம்பரத்தை உருவி, சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.