கன்னியம்மாள் நிறுத்திய கட்டுரை

பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் போகும் பேருந்தில் இருந்தபோது கன்னியம்மாளின் தம்பி முருகன் அழைத்தான். "சார், அக்கா பூட்டாங்க. சாயங்காலம் எடுக்கறோம். வந்துடு சார்." மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் கடைகளும் ஆட்களும் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள். இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போது கடந்தது என்று தெரியவில்லை.

உங்களில் பலர் கன்னியம்மாளோடு எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர்கள். படப்பைக்கு அப்பால், ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் பிறந்து, முனைவர் பட்டம் பெற்று, தன் மக்களைப் பற்றிய ஆய்வுக்குத் தானே தலைமை ஏற்றவர். அவர் கொண்டுவந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடியிருப்பைப் பற்றி எழுதிய எதையும் அச்சுக்கு முன் அங்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். யாராவது "வேணாம்" என்றால் அந்தப் பகுதியை நீக்கிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

அந்த வழக்கத்தால் அதிகம் இழந்தவன் நான். இறந்தவரை வழியனுப்ப அங்குள்ள பெண்கள் பாடும் பாட்டைப் பற்றி எழுதினேன். நேரில் கேட்டதில்லை, சிலர் சொன்ன வரிகளை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்த கட்டுரை. வேப்பமரத்தடியில் படித்து முடித்ததும் எல்லம்மா என்ற பெண் சொன்னார்: "சார் நல்லாத்தான் எழுதிகீறாரு. பொணமே எழுந்து குந்திக்கினு கேக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். "ஆனா வேணாம் சார். இது எங்களுக்குள்ள கீற பாட்டு."

கன்னியம்மாள் என்னைப் பார்த்தார். "பாட்ட எடுத்துடலாமா சார்?"

"பாட்டை எடுத்தா கட்டுரையே இல்லையே, மேடம்."

"அப்ப கட்டுரை இல்ல."

அந்தக் கட்டுரையை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். பதவி, எந்தக் குடியிருப்பின் மண்ணையும் மிதிக்காத ஒருவருக்குப் போனது. அவர் பெயரை எழுதி இந்த அஞ்சலியைக் கெடுக்க விரும்பவில்லை. துறைத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "அது என்ன சட்டமாய்யா? வெளியூர் இதழுக்கு அனுப்பு. அடுத்த முறை பாத்துக்கலாம்."

கன்னியம்மாளோடு சண்டை போடத்தான் ஏரிக்கரைக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. தொலைவில் தாழும் விமானங்களின் வெளிச்சம் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் நீந்தியது. துறைத் தலைவர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அனுப்புங்க சார். என்னால தடுக்க முடியாது" என்றார். "அடுத்த தடவ வந்தாலும் உக்கார வெப்பாங்க, டீ குடுப்பாங்க, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவாங்க. ஒண்ணும் நெசமா இருக்காது."

நான் அனுப்பவில்லை. அவர் மீதான கோபமும் போகவில்லை.

முருகன் அழைத்த அன்று மாலை, பெண்கள் பாடுவதற்கு முன் வெளியாட்களை விலகச் சொன்னார்கள். துறைத் தலைவர் மலர்வளையத்தை வைத்துவிட்டுக் காருக்குப் போனார். நானும் திரும்பினேன். எல்லம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ எங்க போற? நில்லு."

பாட்டு ஈரக்காற்றிலிருந்தே கிளம்புவதுபோல எழுந்தது. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. வரிகள் எனக்கு மனப்பாடம். இருந்தும் ஒன்றும் தெரியாதவன்போல நின்றேன்.

கன்னியம்மாளை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பாடும்போது நிற்பதற்கு அவரால் எனக்கு ஓரிடம் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன். பாட்டு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.