தொண்ணூற்றேழாவது படம்

14.1.1976 — ரூ. 2.00
14.4.1981 — ரூ. 4.50
14.1.1988 — ரூ. 8.00
15.8.1997 — ரூ. 30.00
14.1.2009 — ரூ. 75.00
10.3.2024 — ரூ. 300.00

நடிகை பத்மலோசனிக்காக 'வெள்ளித்தாரகை' சினிமா இதழ் போட்ட சிறப்பு மலர்களின் தேதியும் அட்டை விலையும் இவை. முதல் ஐந்தும் அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது வந்தவை. கடைசியில் உள்ளது நினைவு மலர். ஆறையும் வாங்கி, உள்ளட்டையின் வலது மூலையில் பென்சிலால் தேதி குறித்து, நெமிலிச்சேரி வீட்டு இரும்பு அலமாரியில் வைத்திருப்பவர் அ. சம்பந்தம். வயது எழுபத்தொன்று.

சம்பந்தம் ஆவடியில் ஒரு படைத்தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அத்தனை வருடத்தில் அவருடைய இருப்பில் ஒரு வாஷர் குறைந்ததில்லை, கூடியதும் இல்லை. கூடினாலும் குற்றம்தான் என்பார். கையெழுத்து வாங்காமல் ஒரு ஸ்பேனரைக்கூட வெளியே விடமாட்டார். ஸ்டோர் பதிவேட்டில் எதையும் ரப்பரால் அழிக்கக்கூடாது, அடித்துக் கிறுக்கவும் கூடாது. தப்பான பதிவின் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். வீட்டிலும் அவர் இதே விதியைத்தான் வைத்துக்கொண்டார். மளிகை நோட்டில்கூடச் சிவப்புக் கோடு உண்டு.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் 'பத்மலோசனி நடித்தவை' என்று தலைப்பு. அதன் கீழே கட்டம் கட்டமாக வரிசை எண், பெயர், தேதி, ஊர், ஓடிய நாட்கள், வேடம், உடன் நடித்தவர்கள். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று பதிவுகள். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் வெள்ளித்தாரகைக்கு அவர் பிழைதிருத்தக் கடிதங்கள் எழுதுவார். இன்ன படம் வெள்ளிக்கிழமை வரவில்லை, வியாழக்கிழமை வந்தது. இன்ன படம் நூறு நாள் ஓடவில்லை, தொண்ணூற்றாறு நாள்தான் ஓடியது. எண்பத்தெட்டு கடிதங்கள். இதழில் திருத்தம் வரும். 'வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி' என்று வரும். அந்த 'வாசகர் ஒருவர்' என்ற இடத்தில் தன் பெயரை ஒரே ஒருமுறை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது சம்பந்தத்துக்கு நாற்பது வருடத்து ஆசை.

9.2.2024 அன்று பத்மலோசனி இறந்துபோனார். மூன்றாம் நாள், வெள்ளித்தாரகையின் மலர்ப் பொறுப்பாசிரியர் சண்முகசுந்தரம் அம்பத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். இருபத்தைந்து வருடமாகச் சம்பந்தத்தின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறவர் அவர்தான்.

"ஆவடி சார், உங்க நோட்டு இல்லாம இந்த மலரு இல்ல" என்றார். வீடு நெமிலிச்சேரிக்கு மாறிப் பதினோரு வருடம் ஆகியும் அவர் வாயில் 'ஆவடி சார்'தான். "மூணே நாள் குடுங்க. முதல் பக்கத்துல 'தகவல் தொகுப்பு'ன்னு உங்க பேரு. தடிச்ச எழுத்துல."

சம்பந்தத்தின் மனைவி ஞானம்மாள் அடை வார்த்துப் போட்டாள். சண்முகசுந்தரம் நான்கு சாப்பிட்டார். நோட்டைப் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சொன்னபடி மூன்றாம் நாள் நோட்டு திரும்பி வந்தது. ஓரம்கூட மடங்கவில்லை.

மலர் மார்ச் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தம் ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில் வாங்கி, அங்கேயே நின்று பிரித்தார். முதல் பக்கம். தடித்த எழுத்து. 'தகவல் தொகுப்பு: திரை ஆய்வாளர் பா. சண்முகசுந்தரம். நாற்பதாண்டுத் தேடலின் கனி.'

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பட்டியலை வரி வரியாக நோட்டோடு ஒப்பிட்டார். நூற்று அறுபத்து மூன்றும் அப்படியே இருந்தன. கட்டங்கள்கூட அதே வரிசையில்.

சம்பந்தத்துக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. ஃபைல் வரும். அன்று சாயங்காலமே ஒரு புது ஃபைலில் துளை போட்டுச் சீட்டை முதலாவதாகக் கோர்த்தார். பன்னிரண்டாம் தேதி கடிதம் போட்டார். இருபதாம் தேதி சண்முகசுந்தரத்தின் பதில் வந்தது. 'பல்வேறு ஆதாரங்களுள் தங்கள் குறிப்பேட்டையும் பார்வையிட்டோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

"பார்வையிட்டாராம்" என்றாள் ஞானம்மாள். "நாலு அடையையும் பார்வையிட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

அந்த வாரம்தான் லட்சுமணன் வந்தார். தொழிற்சாலையில் அதே ஸ்டோரில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவர், இப்போது பட்டாபிராமில் இருக்கிறார். மலரை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று தொடையைத் தட்டினார்.

"இன்னா நைனா, நீ ஹீரோவா! சொல்லவே இல்ல?"

"என்ன?"

"தோ, படி. தொண்ணூத்தேழு. 'மூன்றாம் ஷிப்ட்'. 21.8.1982. ஊர் ஆவடி. ஓடினது ஒரு நாள். வேடம், அம்மா. கூட நடிச்சவங்க, அ. சம்பந்தம். யோவ், இது நம்ம நாடகம்யா! நான் வில்லன். என் பேரு எங்கே?"

பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. 'ஒரே நாளில் மறைந்த காவியம்: பத்மலோசனி முதன்முதலாகத் தாய் வேடம் ஏற்ற படம்.'

சம்பந்தத்தின் முகம் கறுத்துவிட்டது. ஒப்பிட்டபோது அந்த வரியையும் அவர் பார்த்தார்தான். தன் நோட்டில் உள்ளது, மலரில் உள்ளது, சரி என்று டிக் போட்டுத் தாண்டிப் போயிருந்தார்.

நடந்தது இது. 1982-இல் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் தொழிலாளர்கள் 'மூன்றாம் ஷிப்ட்' என்ற நாடகம் போட்டார்கள். பத்மலோசனி சிறப்பு விருந்தினர். அம்மா வேடம் கட்டிய பெயிண்டர் தமிழரசு, கடைசிக் காட்சிக்கு முன்னால் மேடைப் படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். திரைக்குப் பின்னால் ஒரே அமளி. முதல் வரிசையிலிருந்து பத்மலோசனி எழுந்தார். "அம்மாதானே? நான் உட்காரட்டுமா?" சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். தந்திக்காரனாக வந்தவர் சம்பந்தம், வயது இருபத்தொன்பது. அவருக்கு ஒரே வசனம்: "அம்மா, தந்தி." அதைச் சொல்லித் தாளை நீட்டினார். பத்மலோசனி வாங்கவில்லை. "எனக்கு எழுத்து தெரியாதுப்பா, நீயே படிச்சுச் சொல்லு" என்றார். அது நாடகத்தில் இல்லாத வசனம். கையில் இருந்ததோ வெள்ளைத் தாள். சம்பந்தம் நின்றார். இரண்டு நிமிடம் நின்றார். அரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகு திரையை இழுத்தார்கள்.

மறுநாள் காலை நோட்டை எடுத்தார். தலைப்பு 'நடித்தவை' என்றுதானே இருக்கிறது, 'படங்கள்' என்று இல்லையே என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, மையால் தொண்ணூற்றேழு என்று எண் போட்டு எழுதினார். அவர் வாழ்க்கையிலேயே, இல்லாத சரக்கை இருப்பில் காட்டிய ஒரே பதிவு அது.

"இதை எழுத வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் ஞானம்மாள். அவள் மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தவள். "'கூட நடிச்சாங்கல்ல, நடிச்சாங்கல்ல'ன்னு குதிச்சீங்க."

லட்சுமணன் விழுந்து விழுந்து சிரித்தார். "திருடன் நல்லா மாட்டிக்கினான் மாமே! இப்பவே போன் போட்டுக் கேளு."

"வேண்டாம்" என்றார் சம்பந்தம். "போன்ல சொன்னா சமாளிச்சுடுவான். அச்சுல வந்தது அச்சுலதான் போகணும். அதுக்கு முந்தி அவன் வாயால அந்தப் படத்தைப் பார்த்தேன்னு சொல்லணும்."

அந்த நாளும் வந்தது. பத்மலோசனி ரசிகர் பேரவை மே பத்தொன்பதாம் தேதி அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சண்முகசுந்தரத்துக்குப் பாராட்டு விழா எடுத்தது. 'திரைத்தகவல் பெட்டகம்' என்று பட்டம். சம்பந்தம் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்தார். லட்சுமணன் நடுவில். மேல் பாக்கெட்டில் செல்போன், பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் லட்சுமணன் எழுந்தார்.

"அண்ணாத்தே, வணக்கம். அந்த 'மூன்றாம் ஷிப்ட்' படத்தை நீ பார்த்துகீறியா?"

சண்முகசுந்தரம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். "நல்ல கேள்வி. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. ஆவடியில ஒரு டூரிங் டாக்கீஸ்ல பார்த்தேன். ஒரே நாள்தான் ஓடுச்சு. அந்த ஒரு நாள் நான் இருந்தேன்."

கைதட்டல்.

"கிளைமாக்ஸ் இன்னா அண்ணாத்தே? எனக்கு மறந்துபோச்சு."

"அம்மா இறந்துடுவாங்க. கொட்டகையே அழுதுச்சு. நானும் அழுதேன். அப்புறம் நெகட்டிவ் எரிஞ்சுபோச்சு, நம்ம துரதிர்ஷ்டம்."

லட்சுமணன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். இருமுவதுபோல் இருமிவிட்டு, "கூட நடிச்ச அ. சம்பந்தம், அவுரு யாரு?"

சண்முகசுந்தரம் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். இருபத்தைந்து வருடம் கடிதத்தின் அடியில் பார்த்த பெயர் அது. ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆவடி சார். "ஒரு புதுமுகம். நல்ல எதிர்காலம் இருந்தது. பாவம், சின்ன வயசுலயே காலமாயிட்டார்."

தூணுக்குப் பின்னால் சம்பந்தம் எழுதினார்: 'காலை 11.52. நான் இறந்துவிட்டதாகச் சொன்னார்.' எழுதி முடித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. ஓய்வு பெற்ற நாளில் போட்ட மாலைகூட அவருக்கு இந்தச் சுகத்தைத் தந்ததில்லை.

வீட்டுக்கு வந்து வெள்ளித்தாரகையின் உரிமையாளர் ஜெகதாம்பாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். கணவர் போன பிறகு இதழைத் தானே நடத்துகிறவர், எண்பது வயது, பிழை பொறுக்காதவர் என்று பெயர். கடிதம் ஓடவில்லை. மலரின் தொண்ணூற்றேழாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானம்மாள் காப்பியை வைத்தாள். "அதை எழுதினா உங்க பேரும் போயிடும், தெரியுதா? முந்நூறு ரூபா மலர்ல உங்க பேரு இருக்கிறது அந்த ஒரு எடம்தான்."

"தெரியுது."

"நாற்பது வருஷமா இதுக்குத்தானே தவிச்சீங்க? பேசாம விட்டுடுங்க. அந்தம்மாகூட நடிச்சவருன்னு இருந்துட்டுப் போங்களேன். யாருக்கு என்ன நட்டம்?"

சம்பந்தம் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "செத்துப்போனவன்னு மேடையில சொன்னான் ஞானம். செத்தவனுக்கு எதுக்குப் பேரு? என் பேரு போனாப் போகட்டும். அவன் பேரு போகணும்."

முதலில் நோட்டைத் திறந்தார். தொண்ணூற்றேழின் மேல் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரே கோடு. பக்கத்தில் கையெழுத்து, 19.5.2024. பிறகு தொண்ணூற்றெட்டிலிருந்து நூற்று அறுபத்து மூன்று வரை அறுபத்தாறு எண்களுக்கும் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் குறைத்து எழுதினார். அதற்குப் பிறகு கடிதம் தானாக ஓடியது. 'மலரின் 97-ஆவது படம் படமல்ல, நாடகம். அதைச் சேர்த்தவன், முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்த நான். தவறுதலாக அல்ல, ஆசையால். என் நோட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்தப் பதிவு இல்லை. ஆகவே நாற்பதாண்டுத் தேடல் என்பது மூன்று நாள் இரவல்.' இணைப்புகள்: கையெழுத்திட்ட சீட்டின் நகல், நாடக அழைப்பிதழ், பத்மலோசனியும் வெள்ளைத் தாளுடன் தானும் நிற்கும் புகைப்படம், விழாப் பேச்சின் எழுத்து வடிவம் நேரக் குறிப்புடன், செல்போன் பதிவு ஒரு பென் டிரைவில். மறுநாள் பட்டாபிராம் தபால் நிலையத்தில் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டை இருபத்து நான்காம் தேதி கையெழுத்தோடு திரும்பியது. ஃபைலில் போனது.

ஜூன் முழுக்க ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சம்பந்தம் கேட்டருகே போய் நின்றுவிடுவார். ஜூலையில் லட்சுமணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். பேரவைக்காரர்கள் 'பெட்டகம்' பட்டத்தைத் திருப்பிக் கேட்கிறார்களாம், சண்முகசுந்தரம் போனை எடுப்பதே இல்லையாம். சம்பந்தம், "யார் சொன்னது? என்ன தேதி?" என்று மட்டும் கேட்டார். லட்சுமணனுக்குத் தேதி தெரியவில்லை. அதனால் அதைக் குறிக்கவில்லை.

கடைசியில் தடிமனான உறை ஒன்று வந்தது. மலரின் திருத்திய இரண்டாம் பதிப்பும், ஜெகதாம்பாள் கைப்பட எழுதிய கடிதமும்.

'ஐயா, தங்கள் ஆதாரங்களைச் சரிபார்த்தோம். பத்மலோசனி நடித்த படங்கள் 162 என்று திருத்தியிருக்கிறோம். பெட்டிச் செய்தியை நீக்கிவிட்டோம். சண்முகசுந்தரத்தின் பெயரை மலரிலிருந்தும், அவரை வேலையிலிருந்தும் நீக்கியாயிற்று. முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்துள்ளோம். ஆனால் தெரிந்தே ஒரு பொய்ப் பதிவைச் சேர்த்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதால், தொகுப்பாளர் என்று தங்கள் பெயரையும் இடுவதற்கில்லை. நான் தங்கள் இடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தாலும் இதையேதான் செய்வேன்.'

சம்பந்தம் முதல் பக்கத்தைத் திருப்பினார். 'தொகுப்பு: ஆசிரியர் குழு' என்று இருந்தது. தொண்ணூற்றேழுக்குப் போனார். அங்கே வேறு படம், வேறு பெயர்கள். 'வருத்தம்' என்ற கட்டத்தில், 'வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி'.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஞானம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"உங்க பேரு வந்திருக்கா?"

"எங்கயும் இல்ல."

"அப்புறம் என்ன சிரிப்பு?"

"அவன் பேரும் இல்ல."

அவள் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போய்விட்டாள். சம்பந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் பதிப்பை முதல் பதிப்பின் மேல் வைத்து அலமாரியைச் சாத்தினார். கடிதத்தை ஃபைலில் கடைசித் தாளாகக் கோர்த்தார். கோர்க்கும் முன், அதன் வலது மூலையில் பென்சிலால் வரவுத் தேதி போட்டார்: 22.7.2024.