ஏழு மரத்து நூல்

அடையாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் சைக்கிளை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கடல்காற்றை மூக்கு நிறைய இழுப்பார் ஹபீபுர் ரஹ்மான். "கவலை... கொஞ்சம் சங்கரா... ஒரு திருக்கை" என்று முணுமுணுத்தபடி பென்சிலை எடுப்பார். அவ்வளவுதான், ஊரூர் குப்பத்துக் கரையில் இன்று என்ன மீன் இறங்கியது என்று சர்க்காருக்குத் தெரிந்துவிட்டது. கரை என்னவோ இன்னும் ஒரு மைலுக்கு அப்பால்தான் இருக்கும்.

மீன் இலாகாவில் மீன்வரத்தைக் குறித்துவரும் உத்தியோகம் அவருக்கு. நாற்பத்தெட்டு வயது, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் வீடு. அந்த மூக்கைப் பற்றிச் சந்தில் சொல்வதில் பாதியை நம்பினாலே போதும். லஸ் முனையில் நின்றபடி, சாந்தோமில் எந்த வீட்டுச் சட்டியில் எந்த மீன் கொதிக்கிறது என்று சொல்லிவிடுவாராம். ஒரு தரம் ஒரு வீட்டுக் குழம்புக்குப் புளி போதாது என்று சொல்லியனுப்ப, அந்த வீட்டு பியாட்ரிஸ் அம்மாள் கரண்டியும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டாளாம்.

ஆனால் மணலில் மட்டும் அவர் கால் வைத்ததில்லை. "மண்ணுல சைக்கிள் உருளாது நைனா" என்பார். அது வெளியில் சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் அவருடைய பூட்ஸ். உலகச் சண்டை வந்து பாலீஷ் கிடைக்காமல் போனபிறகு தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, அதில் முகம் பார்த்துத் தாடியைக் கத்தரித்துக்கொள்ளலாம் போல வைத்திருந்தார்.

அவர் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. சண்டை முடிந்ததும் நாட்டின் மீன் தொழில் எப்படியெல்லாம் முன்னேறப்போகிறது என்று காட்டும் படம். மோட்டார் படகு, ஐஸ் கிடங்கு, சுறா எண்ணெய் காய்ச்சும் ஆலை, மீனை ஏற்றிக்கொண்டு புகை விட்டு ஓடும் ரயில். துரைகள் யாராவது வந்தால் கையில் குச்சியோடு அதை விளக்குகிறவர் ஹபீபுர் ரஹ்மான்தான். அவர் விளக்குகிற விளக்கத்தில் படத்து மீனே துள்ளும். அந்தப் படத்தில் கட்டுமரம் கிடையாது. முன்னேறிய நாட்டில் அது எதற்கு என்று வரைந்தவர் விட்டுவிட்டார்.

நாற்பத்து நாலாம் வருஷம் நூலுக்கு வந்த பஞ்சம்தான் அவரை வம்பில் மாட்டிவைத்தது. கட்டிக்கொள்ளத் துணிக்கே நூல் இல்லாதபோது வலைக்கு யார் கொடுப்பார்கள்? எந்தக் குப்பத்தில் எத்தனை கட்டுமரமோ அத்தனைக்கு அளந்து நூல் தருவது, அதை நேரில் போய் எண்ணி வருவது என்று உத்தரவாயிற்று. மூக்கால் எண்ண முடியாத முதல் வேலை.

அவர் போன அன்று ஊரூர் குப்பத்தில் ஒரு சாவு. சாவு விழுந்தால் குப்பத்தில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. போகாத நாளில் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் பரப்பி உலர்த்துவார்கள். ஈரம் குடித்த மரம் சரியாக மிதக்காது. இதெல்லாம் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். ஹபீபுர் ரஹ்மானுக்குத் தெரியாது. தார் ரோடு முடியும் இடத்தில் சைக்கிள் மேலேயே ஒரு காலை ஊன்றி நின்று எண்ணினார். வெளியூர் போயிருந்தவர்களின் மரங்கள் ஏழு அவிழ்க்காமல் கிடந்தன. ஏழு என்று எழுதினார். மற்றபடி கரை நெடுகக் கிடந்த கட்டைகளைப் பார்த்து, சாவு வீட்டுக்கு விறகு வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்தார். இவ்வளவு விறகு வேண்டுமென்றால் செத்தவர் எத்தனை பெரிய ஆகிருதியோ என்று ஆச்சரியமும் பட்டுக்கொண்டார்.

குப்பத்தில் இருந்தவை நாற்பத்தோரு மரங்கள்.

ஏழு மரத்து நூல் வந்து சேர்ந்த அன்று, குப்பத்துப் பெரியதனக்காரர் தேசப்பன் நூல் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார், பின்பு ஹபீபுர் ரஹ்மானைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நாலு கட்டைகளை அருகருகே உருட்டி, கயிறு போட்டு இறுக்கி, அலைக்குள் தள்ளி ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். விறகு கடலுக்குப் போவதை ஹபீபுர் ரஹ்மான் வாய் திறந்து பார்த்தார். அந்த நிமிஷம்தான் அவருக்கு விளங்கியது.

"இம்மாந்தானா சாயபு?" என்று தேசப்பன் கேட்டார்.

"மேலேர்ந்து வந்தது இவ்ளோதான் நைனா. சண்டை நேரம்."

தேசப்பன் அவர் தோளில் கைவைத்து, "நீ இன்னா பண்ணுவே, உடு" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை அவர் குப்பத்துக்குப் போனார், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் இறங்கியே போனார். ஒரு வலையை அறுத்து இன்னொரு வலைக்கு ஒட்டுப் போட்டார்கள். ஒட்டுப்போட்ட வலையை வஞ்சிரம் கிழித்துக்கொண்டு போயிற்று. தேசப்பனின் தம்பி கடலை விட்டுவிட்டு ஆர்பருக்குக் கப்பல் மூட்டை தூக்கப் போனான். எல்லாவற்றையும் ஹபீபுர் ரஹ்மான் பார்த்தார். எண்ணியது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் அவர்கள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வீட்டில் மனைவி ஜமீலுன்னிசா சும்மா இருப்பவள் இல்லை. ஒரு வாரம் தட்டில் சோறு மீந்ததைப் பார்த்துக் கிண்டிக் கிளறி விஷயத்தை வாங்கிவிட்டாள். "எழுதிக் குடுத்தா உத்தியோகத்துக்கு ஆபத்து. குடுக்கலேன்னா உங்க மூஞ்சிய நீங்களே பாக்க முடியாது. ரெண்டுல எது வோணும்?" என்று கேட்டுவிட்டு, மீதிச் சோற்றைக் கோழிக்குப் போட்டாள்.

கட்டுமரத்தை விறகென்று எண்ணிவிட்டேன் என்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் கைப்பட எழுதியது உலகத்திலேயே அதுதான் முதல் காகிதமாக இருக்கும். உத்தியோகம் போகவில்லை. ஆபீஸ் முழுவதும் சிரித்தது. இப்போதும் அவர் உள்ளே நுழைந்தால், "வாங்க, விறகு மண்டிக்காரரே, சவுக்கு இன்னா விலை?" என்கிறார்கள். அவரும் கூடச் சிரித்துவைக்கிறார். மூன்று மாதம் கழித்து, மீதி முப்பத்து நாலு மரத்துக்கும் நூல் வந்தது. அதற்குள் வஞ்சிரம் வரும் காலம் போய்விட்டது.

நூல் மாட்டுவண்டியில் வர, பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் மணலில் நடந்தார். குப்பமே கூடியிருந்தது. தேசப்பன் எல்லோர் முன்னிலையிலும் அவர் கையைப் பிடித்து, சாயபு மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கிவந்திருக்கிறார் என்றார். தேசப்பனின் மனைவி செங்கேணி, அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய வவ்வால் மீனைப் பனையோலையில் சுற்றி, அவர் சைக்கிளின் பின்னால் நாரால் இறுக்கிக் கட்டினாள். இரட்டை முடிச்சு. "வூட்ல பேகத்தாண்ட குடு நைனா" என்றாள்.

அப்படியே திரும்பியிருக்கலாம். சைக்கிள் திரும்பியும் விட்டது.

"நான் சண்டை போடல" என்றார் ஹபீபுர் ரஹ்மான். "அன்னிக்கு எண்ணினது நாந்தான். ரோட்லயே நின்னுக்கினு எண்ணினேன். அவுத்துப் போட்டிருந்த மரத்தயெல்லாம் விறகுன்னு நெனச்சிட்டேன். மேல யாரும் கொறைக்கல."

ஒருவன் குபீரென்று சிரித்தான். "விறகா? அப்ப எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க விறகு மேலயா குந்திக்கினு போறோம்?" இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. பிடித்திருந்த கையை விட்டார்.

"என் கொயுந்தன் இன்னும் ஆர்பர்லதான் கீறான், சாயபு" என்றாள் செங்கேணி, சாதாரணமாக, மீன் விலை சொல்வதுபோல.

பிறகு அவள் சைக்கிளின் பின்பக்கம் போய் ஓலைக்கட்டைப் பிடித்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெருடினாள், பல்லால் கடித்தாள். சைக்கிள் மணலில் ஆடியது. அவள் அவிழ்ப்பதற்குத் தோதாக, ஹபீபுர் ரஹ்மான் இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார்.